காடு 91 சதவீதம் இருக்கும்போதே சரிவு தொடங்கிவிடுகிறது: எக்செல்லில் ஒரு வள மாதிரி செய்வது எப்படி

காடு, மீன், மேய்ச்சல் நிலம் போல வெட்ட வெட்டத் தானாக வளரக்கூடிய வளத்தை ஒரு மக்கள் கூட்டம் எப்படித் தின்று தீர்த்துவிட்டுத் தானும் சுருங்குகிறது என்று பேசுகிறவர்கள் நிறையப் பேர். பேச்சு பெரும்பாலும் பேராசை, முட்டாள்தனம், தலைவர்களின் அகம்பாவம் என்று போய்விடும். ஆனால் கணக்காகப் போட்டுப் பார்த்தால், பேராசையே இல்லாத கூட்டம்கூட அதே பாதையில் போய் விழுகிறது என்பது தெரியும். அதைப் பார்க்கப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் எது இருந்தாலும் சரி, ஐந்து காலங்களும் (column, நெடுவரிசை) இருநூறு வரிசைகளும் போதும். பெருக்கலும் கழித்தலும் தெரிந்தால் கூடவே வரலாம்.

நாம் எடுத்துக்கொள்ளப் போகும் மாதிரி ஜேம்ஸ் பிராண்டர், ஸ்காட் டெய்லர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1998-ல் பசிபிக் கடலில் இருக்கும் ஈஸ்டர் தீவுக்காக, அதாவது ராப்பா நூயிக்காகச் செய்தது. அந்தத் தீவுக்கு அது உண்மையிலேயே பொருந்துகிறதா என்பது வேறு கதை, அதற்குக் கடைசியில் வருகிறேன். இப்போதைக்கு அதை ஒரு கற்பனைத் தீவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். காடு ஒன்று, மக்கள் ஒரு கூட்டம், வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது.

மூன்று வாக்கியங்களில் மாதிரி

முதல் வாக்கியம் காட்டைப் பற்றியது. காடு குறைவாக இருக்கும்போது, தன் அளவோடு ஒப்பிட்டால், வேகமாகப் பெருகும், நிரம்ப நிரம்ப அந்த வீதம் குறையும், முழுக்க நிரம்பியதும் (அந்த அளவைத்தான் கொள்ளளவு என்கிறேன்) நின்றுவிடும். 1838-ல் பெல்ஜியத்துக்காரர் வெர்ஹுல்ஸ்ட் மக்கள்தொகைக்காக எழுதிய அதே வளைவுதான்:

வளர்ச்சி = வளர்ச்சி வீதம் × வளம் × (1 − வளம் ÷ கொள்ளளவு)

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாமே இதில்தான் தொங்கப் போகிறது. முழுக்க நிரம்பிய காட்டில் வளர்ச்சி பூஜ்யம். வெறும் காட்டிலும் பூஜ்யம். பாதி நிரம்பியிருக்கும்போதுதான் வளர்ச்சி உச்சம், அந்த உச்சத்தின் அளவு வளர்ச்சி வீதத்தையும் கொள்ளளவையும் பெருக்கி நான்கால் வகுத்தால் கிடைக்கும். அதற்கு மேல் அந்தக் காடு எந்தக் காலத்திலும் தராது.

இரண்டாவது, அறுவடை. ஒருவர் எவ்வளவு வெட்டுகிறார் என்பது அவருடைய திறனையும் காட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் பொறுத்தது:

அறுவடை = திறன் × மக்கள் × வளம்

மீன்வளக் கணக்குகளில் ஷேஃபர் என்ற ஆய்வாளர் 1954-லிருந்து பழக்கப்படுத்திய வடிவம் இது. யாரும் யாரையும் தடுக்கவில்லை, காடு யாருக்கும் சொந்தமில்லை என்பது இதற்குள் ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது, மக்கள். காட்டிலிருந்து ஒன்றுமே கிடைக்காவிட்டால் ஒவ்வொரு படியிலும் மக்கள் 10 சதவீதம் குறைவார்கள். அறுவடையின் ஒவ்வொரு அலகுக்கும் 4 பேர் கூடுவார்கள்:

மக்கள் மாற்றம் = −0.1 × மக்கள் + 4 × அறுவடை

அவ்வளவுதான் மாதிரி. ஒரு படி என்பது பத்து ஆண்டு.

ஷீட்டை அமைப்பது

மேலே தனியாக ஒரு மூலையில் எண்களை வையுங்கள்: கொள்ளளவு 12,000, வளர்ச்சி வீதம் 0.04, திறன் 0.000004, இழப்பு 0.1, பெருக்கம் 4. திறன் என்று நான் சொல்வது, மூல மாதிரியில் இரண்டு எண்களின் பெருக்கம்: ஒருவருடைய வெட்டும் ஆற்றல் 0.00001, உழைப்பில் காட்டுக்குச் செலவாகும் பங்கு 0.4. பிரித்து வைக்க வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் வித்தியாசம் இல்லை. ஃபார்முலாவுக்குள் இந்த எண்களை நேரடியாக அடிக்காதீர்கள். மூலையில் இருக்கும் செல்லைக் காட்டுங்கள், டாலர் குறி போட்டுப் பூட்டிவிடுங்கள். பூட்ட மறந்தால் கீழே இழுக்கும்போது செல் நகர்ந்து, காடு மூன்றாவது வரிசையிலேயே காணாமல் போகும். அதைப் பார்த்து நாகரிகம் அழிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ஐந்து காலங்கள். படி, வளம், மக்கள், வளர்ச்சி, அறுவடை. படி 0-ல் வளம் 12,000, மக்கள் 40. அதே வரிசையில் வளர்ச்சியையும் அறுவடையையும் கணக்கிடுங்கள். அடுத்த வரிசையின் வளம் என்பது முந்தைய வளத்தோடு முந்தைய வளர்ச்சியைக் கூட்டி அறுவடையைக் கழித்தது. மக்கள் என்பது முந்தைய மக்களோடு மாற்றத்தைக் கூட்டியது. 200 வரிசை வரை இழுத்துவிடுங்கள்.

சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க: படி 0-ல் அறுவடை 1.92. படி 1-ல் வளம் 11,998.08, மக்கள் 43.68. படி 2-ல் வளம் 11,996.06, மக்கள் 47.70. இந்த எண்கள் வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள். பெரும்பாலும் தப்பு அறுவடையில்தான் இருக்கும், பூஜ்யங்களை எண்ணிப் பாருங்கள்.

கிராஃப் போடும் ஆசையை இன்னும் கொஞ்சம் அடக்கிக்கொண்டு இரண்டு சோதனைகள் செய்துவிடுங்கள். மக்களைப் பூஜ்யமாக்கி வளத்தை 600-ல் தொடங்குங்கள். காடு மெதுவாக ஏறி, நடுவில் வேகமெடுத்து, 12,000-ஐ நெருங்கி அடங்க வேண்டும். 600-லிருந்து 6,000 வருவதற்கு ஏறக்குறைய 74 படி, அதாவது 740 ஆண்டு ஆகும். மனிதர் கைபடாமல் விட்டாலே இவ்வளவு காலம்! மனதில் வையுங்கள். அடுத்து, வளத்தைப் பூஜ்யமாக்கி மக்களை 1,000-ல் தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்கு குறைந்து, ஏழாவது படிக்குள் பாதிக்குக் கீழே போக வேண்டும்.

இன்னொரு இடத்தில் எல்லோரும் இடறுவார்கள். பத்தாண்டுப் படி பெரிதாகத் தோன்றி, ஓராண்டுப் படிக்கு மாற்ற நினைப்பீர்கள். நல்ல யோசனைதான், அப்படி மாற்றியும் விடை கிட்டத்தட்ட அதேதான் வர வேண்டும் என்பதே மாதிரிக்கான நல்ல பரிசோதனை. ஆனால் வளர்ச்சி வீதம், இழப்பு, திறன் மூன்றையும் பத்தால் வகுங்கள், பெருக்கம் 4-ஐத் தொடாதீர்கள். அது காலத்தோடு சம்பந்தப்பட்ட வீதம் இல்லை. ஓர் அலகு அறுவடைக்கு எத்தனை பேர் என்ற கணக்கு, ஆண்டானாலும் பத்தாண்டானாலும் ஒன்றேதான். அதையும் வகுத்துவிட்டால் மக்கள் தொடக்கத்திலிருந்தே குறைந்துகொண்டே போய், அதற்கு ஒரு தத்துவ விளக்கம் வேறு தேடிக்கொண்டிருப்பீர்கள். படியைப் பெரிதாகவே விட்டுவிட்டு வளர்ச்சி வீதத்தை 2-க்கு மேல் ஏற்றினாலும் இதே மாதிரி ஏமாறலாம். காடு ஏறி இறங்கித் தாண்டவம் ஆடும், ஆனால் அது படியின் அளவால் வரும் ஆட்டம். ராபர்ட் மே என்ற அறிவியலாளர் 1976-ல் இந்த எளிய சமன்பாட்டுக்குள்ளேயே ஒழுங்கற்ற ஆட்டம் இருப்பதை விரிவாகக் காட்டினார். ரசிக்க வேண்டிய விஷயம்தான், நம் தீவுக்கு வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கலாம்

இப்போது வளத்தையும் மக்களையும் ஒரே கிராஃபில் போடுங்கள். மக்கள் கோடு வெகுநேரம் தரையோடு தரையாகக் கிடக்கும், பிறகு எழும்பும், 83-வது படி வாக்கில் 10,000-ஐத் தொடும், அங்கிருந்து சரியும். 160-வது படியை நெருங்கும்போது சுமார் 3,000. உச்சத்தில் இருந்த பத்துப் பேரில் ஏழு பேர் இல்லை. காடு 110-வது படியை ஒட்டி 39 சதவீதத்துக்கு இறங்கி, பிறகு மெல்ல ஏறத் தொடங்கும்.

எல்லோரும் அந்தச் சிகரத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் அதை விட்டுவிட்டு 50-வது படிக்குப் போங்கள். காட்டின் உச்ச வளர்ச்சி எவ்வளவு? 0.04 × 12,000 ÷ 4, அதாவது ஒரு படிக்கு 120. அறுவடை நெடுவரிசை அந்த 120-ஐ எப்போது தாண்டுகிறது என்று தேடினால், 50-வது படியை ஒட்டி நிற்பீர்கள். அப்போது தீவில் 2,800 பேர் இருக்கிறார்கள், காடு 91 சதவீதம் நிற்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மரம்தான். யாருக்கும் பசி இல்லை. பிள்ளைகள் பிறந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தக் காடு எக்காலத்திலும் தரக்கூடிய உச்ச அளவை அவர்கள் தாண்டிவிட்டார்கள், இனி எடுப்பதெல்லாம் வட்டி இல்லை, முதல். மக்கள் தொகையின் உச்சம் வர இன்னும் 33 படி, 330 ஆண்டு இருக்கிறது. 72-வது படியில் அறுவடை சுமார் 277. அந்தப் படியின் வளர்ச்சி வெறும் 107.

‘அறுவடை வளர்ச்சியைத் தாண்டினால் ஆபத்து’ என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கு இங்கே உதவாது. நிரம்பிய காட்டில் வளர்ச்சி பூஜ்யம் என்பதால், முதல் படியிலேயே, 40 பேர் இருக்கும்போதே, அறுவடை வளர்ச்சியைத் தாண்டிவிடுகிறது. அதில் ஒரு கெடுதலும் இல்லை. பார்க்க வேண்டியது, அறுவடை ‘உச்ச’ வளர்ச்சியைத் தாண்டுகிறதா என்பதை. ஆறாவதாக ஒரு காலம் சேர்த்து, அறுவடையை 120-ஆல் வகுத்துப் போட்டு, 1-ஐத் தாண்டும் வரிசைக்கு நிறம் அடித்துவிடுங்கள். கிராஃபைக் காட்டிலும் அந்த ஒற்றை நிற வரிசை அதிகம் பேசும்.

நின்றுபோகும் இடத்தைக் கையால் கண்டுபிடிப்பது

200 வரிசையை இன்னும் நீட்டினால் ஆட்டம் மெல்ல அடங்கி ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்தைத் தாளிலேயே கண்டுபிடிக்கலாம். மக்கள் மாறாமல் இருக்க வேண்டுமானால் 0.1 = 4 × 0.000004 × வளம். ஆகவே வளம் 6,250. காடு மாறாமல் இருக்க வேண்டுமானால் மக்கள் = (0.04 ÷ 0.000004) × (1 − 6,250 ÷ 12,000), அதாவது 4,792 பேர்.

இந்த இரண்டு வரிகளை உற்றுப் பாருங்கள். காட்டின் இறுதி அளவு 6,250 என்று வந்த கணக்கில் காட்டின் வளர்ச்சி வீதம் எங்கேயும் இல்லை! மரம் வேகமாக வளர்ந்தாலும் மெதுவாக வளர்ந்தாலும் காடு கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். மக்களின் பசியும் கோடாரியும்தான் அதை முடிவு செய்கின்றன. வளர்ச்சி வீதம் முடிவு செய்வது, அந்தக் காட்டில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதையும், அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறோம் என்பதையும்.

எண்களைத் திருகுவது

வளர்ச்சி வீதத்தை 0.35 ஆக்குங்கள். சில ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கும் மர இனங்கள் உள்ள தீவு என்று வைத்துக்கொள்ளலாம். மக்கள் கோடு ஏறி, தன் இறுதி அளவான 42,000-க்குச் சற்று மேலே போய், லேசாகத் திரும்பி, அங்கேயே நின்றுவிடும். சரிவு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அதே மக்கள், அதே குணம், அதே கோடாரி, அதே கட்டுப்பாடின்மை. மரம் மட்டும் வேறு. ஒரு தீவு வாழ்ந்தது, இன்னொன்று வீழ்ந்தது என்றால் முதல் தீவுக்காரர்கள் புத்திசாலிகள் என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

வீதத்தைப் பழையபடி 0.04-க்குக் கொண்டுவந்துவிட்டு, திறனை இரட்டிப்பாக்குங்கள். 0.000008. நல்ல கோடாரி வந்துவிட்டது. சிகரம் வெகு சீக்கிரம் வரும், சரிவு செங்குத்தாகும், ஆட்டம் அடங்க இன்னும் நெடுங்காலம் பிடிக்கும். கடைசியில் காடு 3,125-ல் நிற்கும், மக்கள் 3,698. கருவி இரண்டு மடங்கு நன்றாக ஆனதால் தீவு தாங்கும் கூட்டம் ஆயிரம் பேருக்கு மேல் குறைந்துவிட்டது. திறனைக் குறைத்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் நன்மை இல்லை. 0.000003 என்று போட்டால் காடு 8,333-ல் செழிப்பாக நிற்கும், மக்கள் 4,074-தான். காடு இருக்கிறது, எடுக்க முடியவில்லை.

இப்போது முக்கியமான சோதனை. அறுவடைக்கு ஒரு வரம்பு வைப்போம். அறுவடை நெடுவரிசையில், பழைய ஃபார்முலாவின் விடை, 110 ஆகிய இரண்டில் எது சிறியதோ அதை எடுக்கும்படி மாற்றுங்கள். ஒரு படிக்கு 110-க்கு மேல் யாரும் வெட்ட முடியாது. என்ன ஆகிறது? மக்கள் கோடு ஏறி, வளைந்து, 4,400-ல் போய்ப் படிகிறது. சிகரமும் இல்லை, சரிவும் இல்லை. காடு மெதுவாக இறங்கி 7,732-ல் நிற்கிறது. 10,000 வரை ஏறி 3,000-க்கு விழுந்த அதே தீவு.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்த வரம்பு எந்த வரிசையில் கடிக்கத் தொடங்குகிறது என்று பாருங்கள். சுமார் 2,500 பேர் இருக்கும்போது, காடு 92 சதவீதம் நிற்கும்போது. ‘இனி இதற்கு மேல் வெட்டக் கூடாது’ என்று அந்த நாளில் ஒருவர் எழுந்து சொன்னால் சுற்றியிருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் கண்ணுக்குக் காடு நிறைந்திருக்கிறது. மாதிரியில் வரம்பு வைப்பது ஒரு ஃபார்முலா, வெளியே அதுதான் முழுப் பிரச்சினையும். எலினார் ஆஸ்ட்ரம் பல நாடுகளில் பார்த்து எழுதியது, தங்களுக்குள் விதி வகுத்து இதைச் சாதித்த சிறு சமூகங்களைப் பற்றித்தான். 2009-ல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். ஆக, முடியாத காரியம் இல்லை.

வரம்பைத் தள்ளிப்போட்டும் ஓட்டிப் பாருங்கள். 75-வது படிக்குப் பிறகுதான் 110 அமலாகும் என்று வைத்தால், அப்போது தீவில் 9,000 பேருக்கு மேல் இருப்பார்கள், அவர்கள் வெட்டிக்கொண்டிருப்பது 110-ஐப் போல இரண்டரை மடங்கு. மக்கள் தொகை பாதியாகத்தான் போகிறது; 3,000 வரை இறங்காமல் 4,400-ல் நிற்கிறது, அவ்வளவுதான் மிச்சம். சரியான விதி, தவறான வரிசை.

மாதிரி மறைக்கும் இரண்டு விஷயங்கள்

இந்த மாதிரியில் காடு ஒருபோதும் அழிவதில்லை. அதன் சமன்பாடு அவ்வளவு இரக்கமுள்ளது. கடைசி மரம் இருந்தாலும் திரும்ப வளர்ந்துவிடும். உண்மையில் பல வளங்களுக்கு ஒரு குறைந்தபட்ச எல்லை உண்டு. மீன் கூட்டம் மிகச் சிறிதானால் இணை கிடைக்காது, மரம் குறைந்தால் நிழலும் மண்ணும் போய் நாற்று பிழைக்காது. இதைச் சேர்க்க, வளர்ச்சி ஃபார்முலாவை (வளம் − எல்லை) ÷ (கொள்ளளவு − எல்லை) என்பதால் பெருக்குங்கள். எல்லை 3,000 என்று வையுங்கள். காடு 3,000-க்குக் கீழே இறங்கியதும் வளர்ச்சி எதிர்மறையாகி, யாரும் வெட்டாவிட்டாலும் தேய்ந்துகொண்டே போகும். இப்போது ஓட்டினால் இரண்டு கோடுகளும் தரையைத் தொடும், மீள்வதே இல்லை. எண்களில் 0.7 மனிதர், 0.3 மனிதர் என்று வரும். ஒன்றுக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று எழுதிவிடுங்கள், அரை மனிதர் மறுபடி பெருகி வம்சம் வளர்க்கும் அதிசயத்தை எக்செல் அனுமதித்துவிடும்.

இரண்டாவது மறைவு இன்னும் நுட்பமானது. நம் அறுவடைச் சமன்பாட்டில் காடு குறையக் குறைய ஒருவருக்குக் கிடைப்பதும் அதே அளவில் குறைகிறது. அதாவது இயற்கை முன்கூட்டியே எச்சரிக்கிறது. மீன் விஷயத்தில் இந்த எச்சரிக்கை பல நேரம் வருவதில்லை. மீன்கள் குறைந்தாலும் மிச்சம் இருப்பவை ஒன்றுகூடி நிற்கும், எங்கே நிற்கின்றன என்று கருவி காட்டிக்கொடுக்கும், படகு நிறைந்தபடியே கரைக்கு வரும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீனுக்கு நடந்ததில் இதற்கும் பங்கு உண்டு. 1992 ஜூலை 2 அன்று அங்கே காட் பிடிப்பதற்குத் தடை வந்தது, 30,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள்.

இதைச் செய்து பார்க்க, அறுவடையில் ‘வளம்’ இருக்கும் இடத்தில் கொள்ளளவு × வர்க்கமூலம் (வளம் ÷ கொள்ளளவு) என்று போடுங்கள். காடு நிரம்பியிருக்கும்போது விடை பழையபடியே இருக்கும். கால் பங்காகக் குறைந்தபோதும் ஒருவருக்குப் பாதி கிடைத்துக்கொண்டிருக்கும். கையால் கணக்கிட்டால் சமநிலை 3,255 வளம், 3,795 மக்கள் என்று வரும். ஆனால் ஷீட் அந்த இடத்தில் நிற்கவே நிற்காது. அருகில் கொண்டுபோய் வைத்தாலும் விலகி ஓடும், ஏற்றமும் இறக்கமும் பெருகும். பழைய மாதிரியில் ஆட்டம் அடங்கியது, இங்கே வளர்கிறது; மாற்றியது ஒரே ஒரு வர்க்கமூலம். (வளம் எதிர்மறைக்குப் போய்விடாமல் பூஜ்யத்தில் நிறுத்தும் ஃபார்முலாவைச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் வர்க்கமூலம் பிழை காட்டும்.)

இன்னும் மேலே போக விரும்புகிறவர்கள் மக்களை இரண்டாகப் பிரிக்கலாம், உழைப்பவர், சேமிப்பைத் தின்பவர் என்று. மோத்தஷரை, ரிவாஸ், கால்னே மூவரும் 2014-ல் அப்படி ஒரு மாதிரி வெளியிட்டார்கள். சேமிப்பு என்று ஒரு காலம் சேர்த்தாலே பஞ்சத்தின் சேதி மேல்தட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேருவதைக் காணலாம். ஆனால் ஒவ்வொரு காலம் சேர்க்கும்போதும் அளக்க முடியாத எண் ஒன்றோ இரண்டோ கூடும். எனக்கு வளம், மக்கள் என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்வதே பிடிக்கும்.

நிஜத்தோடு ஒப்பிடுவது

சரி, ராப்பா நூயி. மூல மாதிரி கி.பி. 400-ல் 40 பேரோடு தொடங்கியது. 83 படி என்றால் 1230 வாக்கில் உச்சம். ரோகவேன் என்ற டச்சுக்காரர் 1722 ஏப்ரல் 5 அன்று, ஈஸ்டர் ஞாயிறன்று, வந்து சேர்ந்தபோது மாதிரியில் 3,800 பேருக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பார்கள். அந்தக் காலத்தில் தெரிந்திருந்த கதையோடு அழகாகப் பொருந்தியது.

பிறகு கதை மாறியது. தீவில் மனிதர் குடியேறியதே 1200-ஐ ஒட்டித்தான் என்று 2006-க்குப் பிறகான காலக்கணிப்புகள் காட்டின. உங்கள் ஷீட்டில் படி 0-ஐ 1200 என்று மாற்றிப் பாருங்கள். 1722 என்பது 52-வது படி. மக்கள் சுமார் 3,200 என்று வருகிறது, மோசமில்லை. ஆனால் காடு 90 சதவீதம் நிற்கிறது! உண்மையில் ரோகவேன் வந்தபோது பனங்காடு ஏறக்குறைய இல்லை. அதாவது வெட்டிச் சாப்பிட்டது மட்டும் காட்டை அழித்தது என்ற கணக்கு நேரத்துக்குள் அடங்கவில்லை. மனிதரோடு வந்த எலிகள் விதைகளைக் கொறித்ததும், விவசாயத்துக்காக எரித்ததும் மாதிரியில் இல்லை. எலிக்கு வழி வேண்டுமென்றால் வளர்ச்சி வீதத்தைக் குடியேற்றத்துக்குப் பிறகு படிப்படியாகக் குறைக்கலாம். எரிப்புக்கு மக்களைச் சார்ந்த ஒரு தனிக் கழிவு போடலாம். எவ்வளவு என்பதற்கு ஆதாரம் இல்லாமல் எண்ணைத் திருகினால், எந்தக் கதையையும் நிரூபிக்கலாம்.

மக்கள் பக்கமும் இதே நிலைதான். 2024-ல் வெளியான தொன்மரபணு ஆய்வு, ஐரோப்பியர் வருவதற்கு முன் 1600-களில் மக்கள் தொகை பெருமளவு சரிந்ததற்கான தடயம் இல்லை என்று சொன்னது. நமக்கு உறுதியாகத் தெரிந்த பெரும் வீழ்ச்சி பின்னால் வந்தது. 1862-63-ல் பெருவிலிருந்து வந்த அடிமை வேட்டைக்காரர்கள் நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பிய சிலரோடு பெரியம்மை வந்தது, 1877-ல் தீவில் 111 பேர்தான் மிச்சம். அதை நம் ஐந்து காலங்களில் தேடினால் கிடைக்காது.

மாதிரி வீண் என்று அர்த்தமில்லை. அது ‘இப்படி நடந்தது’ என்று சொல்லாது, ‘இந்த வேகங்கள் இப்படி இருந்தால் இப்படி நடக்கும்’ என்று சொல்லும். கோடு பொருந்துகிறதே என்று மயங்காமல், ஒரு கோடு பொருந்தும்போது இன்னொரு கோடும் பொருந்துகிறதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். மேலே மக்கள் பொருந்தி, காடு பொருந்தாமல் போனதே, அதுதான் மாதிரி தந்த தகவல்.

அதிர்ச்சியையும் சேர்த்துப் பாருங்கள். நம் கோடுகள் எல்லாம் வழுவழுப்பாக இறங்குகின்றன, உலகம் அப்படி இறங்குவதில்லை. அலாஸ்காவின் செயின்ட் மேத்யூ தீவில் 1944-ல் 29 துருவ மான்களை (ரெயின்டீர்) விட்டார்கள். 1957-ல் 1,350, 1963-ல் 6,000. 1966-ல் எண்ணியபோது 42. பனிப்பாசியை ஏற்கெனவே மேய்ந்து தீர்த்திருந்த நிலையில் 1963-64-ன் கடுங்குளிர் ஒரே வீச்சில் முடித்துவிட்டது. இதைக் காட்ட, ஒவ்வொரு படிக்கும் ஒரு தற்செயல் எண் எடுத்து, இருபதில் ஒரு முறை அந்தப் படியின் வளர்ச்சியைப் பூஜ்யமாக்குங்கள். எல்லை 3,000 வைத்த ஷீட்டிலும், 110 வரம்பு வைத்த ஷீட்டிலும் தனித்தனியாக ஓட்டுங்கள். எக்செல்லில் எஃப்9 விசையை அழுத்த அழுத்தப் புதிய வரலாறு வரும்.

யாருக்காவது காட்டும்போது ஒற்றைக் கோட்டை மட்டும் காட்டாதீர்கள். பெருக்கம் 4 என்ற எண்ணை 20 சதவீதம் ஏற்றி 4.8 என்று போட்டால் இறுதி மக்கள் 5,660. 20 சதவீதம் இறக்கி 3.2 என்றால் 3,490. அந்த 4 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உங்களிடம் உறுதியான பதில் இருக்காது, என்னிடமும் இல்லை. ஆகவே ஒவ்வோர் எண்ணையும் இப்படி இருபுறமும் அசைத்து, கிடைக்கும் கோடுகள் அத்தனையையும் ஒரே கிராஃபில் போட்டுக் காட்டுங்கள். பக்கத்திலேயே மூலையிலிருந்த ஐந்து எண்களையும் எழுதிவிடுங்கள், பார்க்கிறவர் தானே திருகிப் பார்க்கட்டும்.